விடுபட்டோர் பத்தொன்பது

பதவி உயர்வுப் படிவம், ஏழாம் பக்கம்.
கட்டுரைகள்: முப்பத்தெட்டு.
மேற்கோள்கள்: அறுநூற்றுப் பன்னிரண்டு.
ஹெச் இண்டெக்ஸ்: பதினொன்று.
அதாவது என் கட்டுரைகளில் பதினொன்றை
பதினோரு முறையாவது
எவரோ எங்கோ எடுத்து ஆண்டிருக்கிறார்கள்.

ஒருவர் சொன்னதை இன்னொருவர் சொல்வது மேற்கோள்.
நான் வளர்ந்த ராயபுரத்துச் சந்தில்
அதற்குக் கோள் என்று மட்டும் பெயர்.
அங்கே குடம் உருளும், கொண்டை அவிழும்.
இங்கே சம்பளம் ஏறுகிறது.

அதிகம் பேர் ஆண்டது எட்டாம் எண் கட்டுரை,
இருநூற்று நாற்பது முறை.
ஆசிரியர்கள் பதினான்கு பேர்; நான் ஒன்பதாவது.
நான் செய்தது இவ்வளவுதான்:
அறுபது குப்பிச் சீரத்தை
புகையும் தெர்மாகோல் பெட்டியில் அடைத்து
கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் திறக்கும்வரை
ஷேர் ஆட்டோவில் மடிமேல் வைத்திருந்தேன்.
டிரைவர் திரும்பிப் பார்த்தார்:
"இன்னா மேடம், குல்பியா?"

இருபத்துமூன்றாம் எண் என்னுடையது.
மழைக்குப் பின் எலிக்காய்ச்சல்,
ஒரு கால்வாயோரம், எழுபத்தொரு பேர்.
மேற்கோள்கள் நான்கு.
ஒன்று நானே.
ஒன்று என் மாணவி, எனக்காக.
மூன்றாவது பிரேசிலிலிருந்து; பக்க எண் தப்பு.
நான்காவது எழுதுகிறது:
மாதிரி சிறியது, விடுபட்டோர் அதிகம்,
முடிவுகளை எச்சரிக்கையோடு கொள்க.

சரிதான்.
இரண்டாம் முறை ரத்தம் கொடுத்தவர்கள்
ஐம்பத்திரண்டு பேர்.
மூன்றாம் அட்டவணையின் காலடியில்
பொடி எழுத்தில் இருக்கிறது:
தொடர் கண்காணிப்பில் விடுபட்டோர் 19.
ஏன் என்று கேட்டார் மதிப்புரைஞர்.
இடப்பெயர்வு என்று ஒரு சொல் எழுதினேன்.
சொல் வரம்பு மூவாயிரம்.
இன்னும் நாற்பது மிச்சமிருந்தது.

அன்று காலை நான் அங்கேதான் இருந்தேன்,
பஞ்சும் ஊசியுமாக.
வரிசையாக லாரிகள்.
கிரைண்டர் ஏறியது, பீரோ ஏறியது,
முருகர் படம் முன் சீட்டில் ஏறியது.
இடித்த சுவரின் தூசி
என் கையுறைக்குள் வந்துவிட்டது.
காசிமேட்டில் ஐஸ் உடைக்கும் தேசப்பன்,
கட்டுரையில் கே-44,
லாரிப் படியில் ஒரு காலை வைத்தபடி
கையை நீட்டினார்.
"சீக்கிரம் எடும்மா, வண்டி கெளம்புது."
ரப்பர் பட்டையை இறுக்கினேன்.
நரம்பு ஓடி ஒளிந்தது.
போலீஸ்காரர் விசிலடித்தார்.
கையில் கட்டிய பட்டையோடு
அவர் ஏறிப் போனார்.

பெரும்பாக்கம் முப்பது கிலோமீட்டருக்கும் மேல்.
நெறிமுறைக் குழு அனுமதித்த வரைபடம்
கூவத்தோடு முடிந்துவிடும்.

எட்டாம் பக்கம் கேட்கிறது:
உங்கள் ஆய்வின் சமூகத் தாக்கம்,
நூறு சொற்களுக்குள்.
மூன்று நாளாக அங்கே
கர்சர் மட்டும் கண் சிமிட்டுகிறது.

போன செவ்வாய்
ஸ்டான்லி மருந்து வரிசையில்
ஒரு பெண் என் தோளைத் தட்டினாள்.
"நீதான அன்னிக்கு ரத்தம் எடுக்க வந்த டாக்டரு?
நான் தேசப்பன் மருமவ, ஏகவல்லி."
"அவர் எப்படி இருக்கார்?"
"கீறாரு. கிட்னிதான் தகராறு.
உன் ரப்பரு இன்னும் எங்கூட்லதான் கீது.
கேஸ் டியூபுல கட்டி வெச்சிக்கீறோம்."

சிரித்தேன். அவளும் சிரித்தாள்.
பிறகு கேட்டாள்:
"மொத தபா எடுத்தியே,
அந்த ரத்தம் இன்னா ஆச்சு?"

ஆறு வருடம்.
இரண்டாம் படத்தில், வலது ஓரத்தில்,
மேலிருந்து நான்காவது கறுப்புப் புள்ளி.
அளவு கூடியிருந்த புள்ளி.
அதை பிரேசில் வரைக்கும் சொல்லியிருக்கிறேன்.

மைனஸ் எண்பது டிகிரி என்று
வாய் வரை வந்ததை விழுங்கிவிட்டு
"பத்திரமா இருக்கும்மா" என்றேன்.

வரிசை ஓரடி நகர்ந்தது.
டோக்கனைச் சுருட்டிக்கொண்டே சொன்னாள்:
"ரத்தத்த யாரு கேட்டா?
அதுல இன்னா இருந்துச்சுன்னு கேக்கறேன்."